தலை நரம்புகளின் இரு பிறப்பிடங்கள்

கழுத்துக்குக் கீழே உடலின் உணர்வு நரம்புகள் ஒரே வழியில் பிறக்கின்றன. கருவில் நரம்புக்குழலின் மேல்விளிம்பிலிருந்து 'நரம்பு முகடு' எனப்படும் செல்கள் பிரிந்து இறங்குகின்றன. அவை தண்டுவடத்தின் இருபுறமும் கூடித் திரள்களாகி, அங்கிருந்து தோலுக்கும் தசைக்கும் இழைகளை நீட்டுகின்றன. தலையில் அப்படியில்லை. கன்னத்தின் வலி, நாக்கின் சுவை, காதில் விழும் ஒலி, இதயமும் நுரையீரலும் மூளைக்கு அனுப்பும் செய்தி ஆகியவற்றைச் சுமக்கும் நியூரான்களில் ஒரு பகுதிதான் நரம்பு முகட்டிலிருந்து வருகிறது. மற்றவை கருவின் வெளித்தோலிலிருந்தே பிறக்கின்றன. பின்னாளில் தோலாக வேண்டிய புறப்படை, தலையில் சில இடங்களில் மட்டும் தடித்துத் தகடாகிறது. பிளாகோடு எனப்படும் இந்தத் தகடுகளிலிருந்து செல்கள் கழன்று உள்ளே இறங்கி நியூரான்களாகின்றன. இந்த இரட்டைப் பிறப்பு ஐயமின்றி நிறுவப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கருவில் அருகருகே கிடக்கும் இரண்டு செல்களில் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துக்காட்ட அடையாளம் இல்லாததே அந்தத் தாமதத்துக்கு முதற்காரணம்.

வளர்ந்த உடலின் கபால நரம்புகளை எண்ணும் வேலை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. கேலன் ஏழு இணைகள் என்றார். ஆக்ஸ்ஃபோர்டில் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட மூளை உடற்கூறு நூலில் அது ஒன்பதானது. 1778இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் தாமஸ் சோமரிங் தம் பட்ட ஆய்வேட்டில் பன்னிரண்டு என்று வகுத்தார். மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்வது அவருடைய வரிசையைத்தான். ஆனால் அந்த வரிசை, மூளையின் அடிப்பரப்பில் நரம்புகள் முன்னிருந்து பின்னாகப் புறப்படும் இடத்தை வைத்துப் போட்டது. எந்த நரம்பு எதிலிருந்து பிறந்தது என்பதற்கு அதில் இடமில்லை. இரண்டாம் நரம்பான பார்வை நரம்பு, கண்ணாகக் குழிந்து வெளியே நீண்ட மூளையின் ஒரு துண்டு. ஐந்தாம் நரம்பான முக்கிளை நரம்பு மூளைக்கு வெளியே பிறந்து உள்ளே நுழைவது. இரண்டையும் ஒரே பட்டியலில் அடுக்கியவர்கள் கருவைப் பார்த்ததில்லை.

கருவைப் பார்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பாசல் நகரத்து வில்ஹெல்ம் ஹிஸ். முழுக் கருவை வெறும் கண்ணாலும் லென்ஸாலும் பார்த்து வரைந்த காலத்தில், கருவை மெல்லிய சீவல்களாக வரிசை குலையாமல் வெட்டித் தரும் மைக்ரோடோம் ஒன்றை அவர் 1860களில் தாமே வடிவமைத்தார். கோழிக் கருவின் சீவல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, நரம்புக்குழலுக்கும் மேலே மூடிய தோலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய செல்பட்டை தெரிந்தது. 1868இல் வெளியிட்ட நூலில் அவர் அதற்கு 'இடைப்பட்டை' என்று பொருள்படும் ஜெர்மன் பெயரைக் கொடுத்து, தலையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புத்திரள்கள் அதிலிருந்தே உருவாகின்றன என்று எழுதினார். அதை ஏற்றவர்கள் அப்போது குறைவு. நரம்புத்திரள்கள் நடுப்படையிலிருந்து, அதாவது தசையும் எலும்பும் தரும் படையிலிருந்து திரள்கின்றன என்பதே அன்றைய வழக்கமான கருத்து.

கேம்பிரிட்ஜின் ஃபிரான்சிஸ் மெய்ட்லண்ட் பால்ஃபர் நேப்பிள்ஸ் கடல் ஆய்வு நிலையத்தில் சுறாக் கருக்களைச் சேகரித்து ஆராய்ந்தார். தண்டுவட நரம்புகளின் பின்வேர்கள் நரம்புக்குழலின் மேல்முனையிலிருந்தே புடைத்து வளர்கின்றன என்று 1876இல் அறிவித்தார். அவருடைய மாணவர் ஆர்தர் மில்ன்ஸ் மார்ஷல் அதைக் கோழியின் தலைக்குக் கொண்டுபோனார். குழல் முழுவதும் மூடுவதற்கு முன்பே நடுமூளைப் பகுதியில் அந்த முகடு எழுவதை அவர் கண்டார். 1878இல் அதற்கு ஒரு பெயரிட்டு, அடுத்த ஆண்டே அதை மாற்றி, இன்று உலகெங்கும் வழங்கும் 'நரம்பு முகடு' என்ற பெயரைத் தந்தார். ஹிஸ் அது தோலுக்கும் குழலுக்கும் இடையில் உள்ளது என்றார், பால்ஃபர் குழலைச் சேர்ந்தது என்றார். இரு தரப்பும் தாம் கண்டதைச் சரியாகவே எழுதின. பின்னர் குழலாகச் சுருளும் நரம்புத் தட்டும் தோலும் சந்திக்கும் எல்லைக் கோட்டில் முகடு பிறக்கிறது. கருவை எந்த மணி நேரத்தில் வெட்டினார்கள் என்பதைப் பொறுத்து அது ஒரு பக்கமாகவோ மறுபக்கமாகவோ தெரியும். பால்ஃபரும் மார்ஷலும் மலையேறும் பித்துக் கொண்டவர்கள். பால்ஃபர் 1882இல் மோன் பிளாங்க் மலைத்தொடரிலும், மார்ஷல் 1893இன் கடைசி நாளில் இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பாறையிலும் விழுந்து இறந்தனர். 

முகடு பற்றிய வாதம் சூடாக இருந்தபோதே மற்றொரு காட்சி நுண்ணோக்கிகளில் தென்படத் தொடங்கியது. முக நரம்பு, நாக்கு–தொண்டை நரம்பு, வேகஸ் நரம்பு ஆகியவற்றின் திரள்கள் கருவில் ஒரு கட்டத்தில் செவுள் பிளவுகளுக்கு மேலேயுள்ள தோலோடு ஒட்டிக்கொண்டு நின்றன. டச்சுக்காரரான வான் வெய்ஹே 1882இல் சுறாக் கருவில் இதைக் குறிப்பிட்டார். 1885இல் ஜான் பேர்ட் மீன்களிலும், ஆகஸ்ட் ஃப்ரோரீப் பாலூட்டிகளிலும் அதே ஒட்டுதலைக் கண்டனர். பாலூட்டிக்குச் செவுள் இல்லை, செவுள் பிளவின் சாயல் மட்டும் கருவில் சில காலம் தோன்றி மறையும். அங்கேயும் நரம்பு தோலைத் தொடுகிறது என்பது அன்றைய பரிணாமவாதிகளுக்கு விருந்தாக அமைந்தது. ஒவ்வொரு செவுளுக்கும் ஒரு காலத்தில் தனிப் புலனுறுப்பு இருந்தது, அது அழிந்து திரள் மட்டும் மிச்சமானது என்று பேர்ட் கதை கட்டினார். கதை நிற்கவில்லை, ஆனால் அவர் கண்ட செல்கள் நின்றன. திரளுக்கு வேண்டிய செல்களைத் தோல் கொடுக்கிறது என்று அவர் வலியுறுத்தியது சரி. தலைத் திரள்கள் முழுவதுமே அப்படித்தான் என்று போனதுதான் தவறு.

மியூனிக்கின் கார்ல் வான் குப்ஃபர், கல்லீரல் செல் ஒன்றுக்குத் தம் பெயரை விட்டுச் சென்றவர், தாடையற்ற மீனான லாம்ப்ரேயின் கருவில் 1890களில் இந்தத் தடிப்புகளை வரிசைப்படுத்தினார். பிளாகோடு என்ற பெயர் அவர் தந்தது. செவுள் பிளவுகளுக்கு மேலே ஒரு வரிசை, அதற்கும் மேலே காதின் மட்டத்தில் இன்னொரு வரிசை என்று இரண்டாகப் பிரித்தார். அந்தப் பிரிப்பு இன்றைய பாடநூல்களிலும் அதே வடிவில் உள்ளது.

ஜூலியா பிளாட்டின் வேலை இந்த வரலாற்றில் தனியாக நிற்கிறது. அமெரிக்காவில் பிறந்து, அங்கே பெண்களுக்கு ஆய்வுப் பட்டம் எளிதில் கிட்டாத காலத்தில் ஜெர்மனிக்குப் போய்ப் படித்தவர் அவர். நெக்டூரஸ் என்ற சேற்று சாலமாண்டரின் கருவை எடுத்துக்கொண்டார். அந்த விலங்கில் புறப்படையின் செல்களுக்கும் உள்படைகளின் செல்களுக்கும் மஞ்சள்கருத் துகள்களின் அளவில் வேறுபாடு உண்டு. சாயமோ அறுவையோ இல்லாமல், கரு தானே போட்டுவைத்த அடையாளம் அது. அதைப் பின்தொடர்ந்து, தலையில் புறப்படையிலிருந்து வந்த செல்கள் நரம்புத்திரள்களோடு நிற்காமல் செவுள் குருத்தெலும்பையும் உருவாக்குகின்றன என்று 1893இல் எழுதினார். எலும்பும் குருத்தெலும்பும் நடுப்படைக்கே உரியவை என்பது அன்று மறுக்கக் கூடாத விதி. அவரை ஏற்காதவர்கள் அவருடைய சீவல்களைச் சரிபார்க்காமல் விதியையே திரும்பச் சொன்னார்கள். நீரின் அசைவை உணரும் பக்கக்கோட்டு உறுப்புகளும் அவற்றின் நரம்புகளும் பிளாகோடுகளிலிருந்து எப்படி விரிகின்றன என்று 1896இல் அவர் வெளியிட்ட விவரணை அத்துறையில் மிகத் துல்லியமானவற்றுள் ஒன்று. 1898இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தும் அமெரிக்காவில் எந்தப் பல்கலைக்கழகப் பதவியும் கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் பசிபிக் குரோவ் ஊரில் குடியேறி, எழுபது வயதைத் தாண்டி 1931இல் அவ்வூர் மேயரானார். கடற்கரையோரத்தில் உயிரினக் காப்பகம் அமைய வழி செய்தது அங்கே அவர் செய்த முக்கிய வேலை. குருத்தெலும்பு பற்றிய அவருடைய முடிவு சரியென்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டபோது அவர் உயிரோடு இல்லை.

இதே ஆண்டுகளில் அடிப்படையான வேறொரு சண்டையும் நடந்தது: நரம்பிழை என்பது என்ன? பல செல்கள் சங்கிலியாகச் சேர்ந்து உருகி ஓர் இழையாகின்றன என்று ஒரு கட்சி. கருவின் தொடக்கத்திலேயே எல்லாச் செல்களுக்கும் இடையே பாலங்கள் இருக்கின்றன, அவையே பின்னர் நரம்பாகின்றன என்று விக்டர் ஹென்சன் வழிவந்த கட்சி. ஹிஸ் 1880களில் இரண்டையும் மறுத்து, ஒவ்வோர் இழையும் ஒரே செல்லிலிருந்து நீண்டு வளர்கிறது என்றார். ஸ்பெயினில் ராமோன் இ கஹால் 1890இல் கோழிக் கருவில் வளரும் இழையின் நுனியைக் கண்டு விவரித்தார். ஆனாலும் சாயமேற்றிய செத்த சீவலில் எது வளர்ந்தது, எது உருகியது என்று யாரும் அறுதியிட முடியாது. அமெரிக்கரான ராஸ் ஹாரிசன் 1907இல் தவளைக் கருவின் நரம்புக்குழல் துண்டை வெட்டி, வளர்ந்த தவளையின் நிணநீர்த் துளியில் கண்ணாடித் தகட்டின் கீழே தொங்கவிட்டார். துளி உறைந்தது. அடுத்த சில நாட்களில் செல்களிலிருந்து இழைகள் நீண்டு, நுனி அலைந்து தடவி முன்னேறுவதை உயிரோடு பார்த்தார். சண்டை அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். பழைய கட்சியினர் சிலர் மேலும் இருபது ஆண்டுகள் விடவில்லை.

தலை நரம்புகளைப் பொறுத்தவரை ஹாரிசன் அதற்குச் சற்று முன் செய்த சோதனையே முக்கியம். 1903இல் வெளியானது அது. பிரெஸ்லாவில் குஸ்டாவ் போர்ன், இரண்டு தவளைக் கருக்களை வெட்டி ஒட்டினால் ஒன்றாகி வளரும் என்று காட்டியிருந்தார். ஹாரிசன் நிறம் வேறுபட்ட இரண்டு தவளை இனங்களைத் தேர்ந்தார். கறுத்த கருவின் தலையையும் வெளுத்த கருவின் உடலையும் பொருத்தி வளர்த்தார். மீன்களிலும் நீர்வாழ் நிலையிலுள்ள இருவாழ்விகளிலும் உடலின் இருபக்கமும் வால் வரை ஓடும் பக்கக்கோடு நீரின் அசைவை உணரும் உறுப்பு. அதன் உறுப்புகள் அந்தந்த இடத்துத் தோலிலேயே முளைக்கின்றனவா, தலையிலிருந்து வருகின்றனவா என்பது அன்றைய கேள்வி. ஒட்டிய சில நாட்களில் தலைப்பிரட்டையின் வெளுத்த விலாவில் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. தலைப் பிளாகோட்டின் செல்கள் கூட்டமாக வாலை நோக்கி ஊர்ந்து, போகும் வழியில் ஓர் உறுப்புக்கு ஒரு கொத்து வீதம் செல்களை விட்டுச் சென்றன. தலையிலிருந்த திரளின் நரம்பு அந்தக் கூட்டத்தோடு கூடவே நீண்டது. சீவலும் சாயமும் இன்றி, வாதத்தில் இருந்த செல்லின் பயணத்தை வெறும் கண்ணால் காட்டிய முதல் சோதனை இதுதான்.

ஒஹையோ மாநிலத்தில் வேறு திசையிலிருந்து ஓர் அணி வந்துகொண்டிருந்தது. சார்லஸ் ஜட்சன் ஹெரிக், நரம்பை எண்ணால் பார்க்காமல் அது சுமக்கும் வேலையால் பிரித்தார். ஒரே முக நரம்புக்குள் சுவைக்கு ஒரு கூறு, தொடுகைக்கு ஒரு கூறு, தசையை அசைக்க ஒரு கூறு என்று தனித்தனி இழைகள் ஓடுகின்றன. மூளைக்குள் ஒவ்வொரு கூறும் வேறு வேறு இடத்தில் போய் முடிகிறது. வேலை வேறென்றால் பிறப்பும் வேறாக இருக்குமோ என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் லேண்டேக்கர் அதற்குக் கெளுத்தி மீனின் கருவைத் தேர்ந்தார். கெளுத்திக்கு வாயில் மட்டுமின்றி மீசையிலும் உடம்பெங்கும் தோலிலும் சுவை அரும்புகள் உண்டு. அதனால் சுவைக்கான நரம்புத்திரள் மற்ற மீன்களைவிடப் பெரிது. அவருக்கு இன்னொரு சாதகமும் வாய்த்தது: அந்தக் கருவில் முகட்டிலிருந்து வந்த திரளும் பிளாகோட்டிலிருந்து வந்த திரளும் சில காலம் கலக்காமல் தனித்தனியே கிடக்கும். 1910இல் அவர் எழுதிய முடிவு: செவுள் மேற்பிளாகோடுகள் சுவை நியூரான்களைத் தருகின்றன, பொதுவான தொடுகை நியூரான்கள் முகட்டிலிருந்து வருகின்றன. இதை மேலும் சில மீன்களிலும் சாலமாண்டரிலும் சோதித்தார். பின்னாளில் இந்தக் கணக்கு விரிந்தது. வேகஸ் நரம்பின் கீழ்த்திரளில் உள்ள பிளாகோடு நியூரான்களில் பெரும்பாலானவை சுவைக்கு அல்ல, இதயம், நுரையீரல், குடல் ஆகியவற்றின் உள்செய்திக்கு உரியவை. ஆனாலும் வேலையும் பிறப்பும் தொடர்புடையவை என்ற அடிப்படை லேண்டேக்கருடையது. எத்தனையோ பேர் தவறிய இடத்தில் அவர் தப்பியதற்கு அவர் தேர்ந்த மீனுக்கும் பங்குண்டு.

சீவலைப் பார்த்து ஊகிப்பதற்குப் பதில் வெட்டி எடுத்துவிட்டுப் பார்க்கும் காலம் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஹாரிசன் அங்கே பேராசிரியராகியிருந்தார். லியோன் ஸ்டோன் 1922இல் சாலமாண்டர் கருவின் பிளாகோடுகளையும் முகட்டையும் தனித்தனியே அகற்றி, எந்தத் திரள் காணாமல் போகிறது என்று பட்டியலிட்டார். செஸ்டர் இன்டெமா 1937இல் சாலமாண்டரின் முக நரம்பையும் செவி நரம்பையும், 1944இல் கோழியின் முக நரம்பையும் அதே வழியில் ஆராய்ந்தார். கோழியிலும் முக நரம்பின் வெளித்திரள் பிளாகோட்டுக்குரியது என்றும் மூளையை ஒட்டிய வேர்த்திரள் முகட்டுக்குரியது என்றும் அவர் காட்டியபின், இது மீனுக்கும் சாலமாண்டருக்கும் மட்டும் உரிய விந்தை என்ற சாக்கு எடுபடவில்லை.

முக்கிளை நரம்பு மிச்சமிருந்தது. முகம் முழுவதன் தொடுகையையும் வலியையும் சுமக்கும் இந்தப் பெரிய திரளில் இரு மூலங்களும் ஒரே உருண்டைக்குள் கலந்து கிடக்கும். அதைப் பிரித்தவர் விக்டர் ஹாம்பர்கர். ஜெர்மனியில் கருவியலாளர் ஸ்பெமானின் மாணவர், சிகாகோவில் தற்காலிக உதவித்தொகையில் இருந்தபோது 1933இன் நாஜிச் சட்டத்தால் சொந்தநாட்டு வேலையை இழந்து அமெரிக்காவிலேயே தங்கியவர். கோழிக் கருவின் வளர்ச்சியை 46 நிலைகளாகப் பிரித்து அவரும் ஹோவர்ட் ஹாமில்டனும் 1951இல் வெளியிட்ட அட்டவணை இன்றும் பல ஆய்வகங்களில் சுவரில் தொங்குகிறது. 1961இல் அவர் வெளியிட்ட சோதனைக்கு, ஒன்றரை நாள் அடைகாத்த முட்டையின் ஓட்டில் சிறு சன்னல் திறக்க வேண்டும். மஞ்சள்கருவின் மேல் படுத்திருக்கும் சில மில்லிமீட்டர் நீளக் கருவில், ஒரு பக்கத்துப் பிளாகோட்டை மட்டும் ஊசிமுனையால் சுரண்டி எடுத்து, சன்னலை மூடி மீண்டும் அடைகாக்க வேண்டும். கருவின் மறுபக்கமே ஒப்பீட்டுச் சான்று. பிளாகோடு போன பக்கத்தில் திரளின் வெளிப்பகுதியிலிருந்த பெரிய நியூரான்கள் இல்லாமல் போயின. முகட்டை எடுத்தபோது மூளையை ஒட்டிய உட்பகுதியின் சிறிய நியூரான்கள் போயின. அதைவிட வியப்பானது, முகடு இல்லாதபோது மிஞ்சிய பிளாகோடு செல்கள் ஒரே திரளாகச் சேராமல் கண்ணுக்குரிய கிளையும் தாடைக்குரிய கிளையும் தனித்தனித் திரள்களாகப் பிரிந்து நின்றன. இரண்டு மூலங்களும் அருகருகே குடியிருக்கும் அண்டைவீட்டுக்காரர்கள் மாத்திரமல்ல, ஒன்றின் வடிவத்துக்கு மற்றது தேவை என்பதற்கு முதல் குறிப்பு இதில் கிடைத்தது.

வெட்டி எடுக்கும் முறைக்கு ஓர் ஆறாக் குறை உண்டு. கரு சும்மா இருக்காது. எடுத்த இடத்தைப் பக்கத்துச் செல்கள் பெருகி நிரப்பிவிடும். அப்போது 'குறையவில்லை' என்ற முடிவுக்கு அர்த்தமே இல்லை. 1960களில் கதிரியக்கத் தைமிடினால் செல்லின் டி.என்.ஏ.வைக் குறியிட்டார்கள். மால்கம் ஜான்ஸ்டன் 1966இல் கோழித் தலையில் முகட்டின் பயணத்தை அப்படித் தொடர்ந்தார். ஆனால் செல் பிரியும் ஒவ்வொரு முறையும் குறி பாதியாகும், சில நாட்களில் மறையும்.

மறையாத குறி காடையிலிருந்து வந்தது. பிரான்சின் நாந்த் நகரில் பணியாற்றிய நிக்கோல் லெ துவாரென், காடைக் கருவின் செல்கள் ஒவ்வொன்றிலும் உட்கருவின் நடுவில் டி.என்.ஏ. ஒரு பெரிய கட்டியாகச் சேர்ந்திருப்பதைக் கவனித்தார். கோழியின் உட்கருவில் அது பரவலாகக் கிடக்கும். ஃபாய்ல்கன் சாயத்தில் காடைச் செல் ஒவ்வொன்றும் நடுவில் ஊதா–சிவப்புப் பொட்டோடு தெரியும். செல் எத்தனை முறை பிரிந்தாலும் பொட்டு மாறாது. 1969இல் இதை அவர் அறிவித்தார். அந்தச் சாயம் பற்றிக்கொள்ளும் பொருளை, உட்கருவின் 'நியூக்ளியின்' என்று, சரியாக நூறாண்டுக்கு முன், 1869இல் பிரித்தெடுத்தவர் ஃபிரெடரிக் மீஷர். முகட்டை முதலில் கண்ட ஹிஸ் அவருக்குத் தாய்மாமன். இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரு காடைச் செல்லில் சந்தித்தன.

கோழியின் நரம்பு முகட்டுத் துண்டை எடுத்துவிட்டு அதே அளவு காடைத் துண்டை வைத்தால், எந்த இடமும் காலியாகாது, எதுவும் நிரப்ப வேண்டியதில்லை. பிளாகோட்டையும் அப்படியே மாற்றலாம். 1980இல் சி. எச். நாராயணனும் ஒய். நாராயணனும் நாக்கு–தொண்டை, வேகஸ் திரள்களை இம்முறையில் ஆராய்ந்தனர். 1982இல் அயர்–லெ லியேவ்ரும் லெ துவாரெனும், 1983இல் டாமிகோ–மார்டெலும் ட்ரூ நோடனும் எல்லாத் திரள்களையும் முடித்தனர். முக்கிளை நரம்பின் உட்பகுதி முகடு, வெளிப்பகுதி பிளாகோடு. முக, நாக்கு–தொண்டை, வேகஸ் நரம்புகளின் வெளித்திரள்கள் பிளாகோடு, மூளையை ஒட்டிய மேல்திரள்கள் முகடு. செவி நரம்பின் திரள் முழுவதும் காதுப் பிளாகோடு. எல்லாத் திரள்களிலும் நியூரான்களைத் தாங்கிப் போர்த்தும் கிளியா செல்கள் மட்டும் முகட்டுக்கே உரியவை, நியூரான் எங்கிருந்து வந்திருந்தாலும். லேண்டேக்கரின் கெளுத்தியும் இன்டெமாவின் கோழியும் ஏறத்தாழ சொன்னதுதான். இம்முறை மறுக்க வழியில்லை.

இரு வகை நியூரான்களும் வேதியியலிலும் வேறுபட்டன. போர்க்காலத்தில் டூரின் நகர வீட்டுப் படுக்கையறையில் கோழிக் கருவை ஆராய்ந்த ரீட்டா லெவி–மொந்தால்சினி, 1947இல் ஹாம்பர்கரிடம் செயின்ட் லூயிஸுக்கு வந்தார். அங்கே கண்ட நரம்பு வளர்ச்சிக் காரணி அவருக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. முகட்டிலிருந்து வந்த உணர்வு நியூரான்கள் அந்தக் காரணி இல்லாவிட்டால் சாகும். வேகஸின் வெளித்திரளோ அதைப் பொருட்படுத்தவே இல்லை. 1982இல் ஈவ்–அலென் பார்டும் அவருடைய கூட்டாளிகளும் பன்றி மூளையிலிருந்து இன்னொரு காரணியைப் பிரித்தெடுத்தனர். ஒன்றரை கிலோ மூளையிலிருந்து ஒரு மைக்ரோகிராம் அளவே கிடைத்தது. பிளாகோடு நியூரான்களை உயிரோடு வைத்திருந்தது இதுதான்.

1990களில் கேள்வி மரபணுவுக்கு மாறியது. நரம்புத் தட்டின் முன்விளிம்பைச் சுற்றி லாட வடிவில் ஒரு பட்டை, எல்லாப் பிளாகோடுகளுக்கும் பொதுவாக, முதலில் ஒதுக்கப்படுகிறது. சிக்ஸ், ஐயா குடும்ப மரபணுக்கள் அதை அடையாளமிடுகின்றன. பிறகு பட்டை துண்டாகிறது: கண் பக்கத்து முக்கிளைப் பிளாகோட்டில் பேக்ஸ்3, காதுக்கும் செவுள் மேற்பிளாகோடுகளுக்கும் பேக்ஸ்2. ஐயா1 மரபணு பழுதானால் மனிதரில் காதும் கழுத்தும் சிறுநீரகமும் சேர்ந்து குறைபடும் பிறவி நோய் வருகிறது என்று 1997இல் தெரிந்தது. அடுத்த ஆண்டு எலிகளில் நியூரோஜெனின் என்ற இரட்டை மரபணுக்களின் பங்கு வெளியானது. நியூரோஜெனின்1 இல்லாவிட்டால் முக்கிளைத் திரளும் செவித் திரளும் உருவாவதில்லை. நியூரோஜெனின்2 செவுள் மேற்பிளாகோடுகளுக்குத் தேவை. குப்ஃபர் லாம்ப்ரேயில் போட்ட இரண்டு வரிசைகள் மரபணுவிலும் ஏறக்குறைய அதே இடத்தில் பிரிகின்றன. 1999இல் ஆந்தனி கிரஹாம் குழு, செவுள் மேற்பிளாகோடு நியூரான்களைத் தூண்டுவது தொண்டையின் அகப்படை சுரக்கும் பி.எம்.பி.7 புரதம் என்று காட்டியது. செவுள் பிளவில் அகப்படையும் தோலும் தொடும் இடத்தில்தான் அந்தப் பிளாகோடுகள் தோன்றுகின்றன. பேர்ட் கட்டிய தொலைந்த புலனுறுப்புக் கதைக்கு இனித் தேவையில்லை.

பிளாகோட்டிலிருந்து கழன்ற செல் சரியான இடத்துக்கு எப்படிப் போகிறது என்பது ஹாம்பர்கர் விட்டுச்சென்ற கேள்வி. பின்மூளை தனித்தனிக் கண்டங்களாகப் பிரிந்திருப்பதை ஆண்ட்ரூ லம்ஸ்டனும் ரோஜர் கீன்ஸும் 1989இல் கோழியில் காட்டினர். நரம்பு முகடு அந்தக் கண்டங்களுக்கேற்ப மூன்று ஓடைகளாக இறங்குகிறது. முக்கிளை நரம்பு இரண்டாம் கண்டத்திலும், முக நரம்பும் செவி நரம்பும் நான்காம் கண்டத்திலும் மூளைக்குள் நுழைகின்றன. 2001இல் ஜோ பெக்பியும் கிரஹாமும் கோழியின் பின்மூளை முகட்டை அகற்றினர். பிளாகோடு நியூரான்கள் பிறந்தன, ஆனால் உள்ளே செல்ல வழி தெரியாமல் தோலுக்கு அடியிலேயே தங்கிவிட்டன. முகட்டின் ஓடையே அவற்றுக்கு மூளை வரை வழி. 2008இல் முக்கிளைத் திரளில் முகட்டுக்கும் பிளாகோட்டுக்கும் இடையிலான பேச்சின் ஒரு சொல் அகப்பட்டது: பிளாகோடு செல்லின் மேலுள்ள ரோபோ2 புரதம், முகட்டுச் செல்லிலுள்ள ஸ்லிட்1 புரதம். இந்தத் தொடர்பு கெட்டால் திரள் சேர்வதில்லை. ஆக முதலில் பிறந்து வெளியே இழை நீட்டுபவை பெரும்பாலும் பிளாகோடு நியூரான்கள். அவற்றுக்கு மூளை நோக்கி வழி அமைப்பது முகடு.

மூக்கு இவ்வரிசையில் எப்போதும் விலகியே நிற்கிறது. முகர்ச்சி நியூரான்கள் பிளாகோட்டில் பிறந்து அங்கேயே, மூக்கின் படலத்திலேயே, ஆயுள் முழுவதும் தங்கி இழையை மட்டும் மூளைக்கு அனுப்புகின்றன. வாழ்நாளெல்லாம் புதிதாகப் பிறந்துகொண்டும் இருக்கின்றன. பருவமெய்தலைத் தொடங்கிவைக்கும் ஹார்மோன் நியூரான்கள் இந்தப் பகுதியில் பிறந்து, முகர்ச்சி நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்குள் ஏறுகின்றன என்பது 1989இல் எலியில் தெரிந்தது. முகர்வுத் திறனும் பருவமெய்தலும் சேர்ந்து குறைபடும் கால்மன் நோய்க்கு அதில் விளக்கம் கிடைத்தது.

இவ்வளவையும் ஒரே கோட்பாட்டில் வைத்தவர்கள் கார்ல் கான்ஸும் கிளென் நார்த்கட்டும். 1983இல் அவர்கள் எழுதிய கட்டுரை, முகடும் பிளாகோடும் சேர்ந்தே முதுகெலும்பிகளுக்குப் புதிய தலையைத் தந்தன என்றது. வடிகட்டித் தின்னும் மூதாதை வேட்டையாடியாக மாற அந்தத் தலை தேவைப்பட்டது என்பது அவர்கள் வாதம். முற்றிலும் புதியது என்ற பகுதி இன்று தளர்ந்துள்ளது: முதுகெலும்பிகளின் நெருங்கிய உறவான கடற்பீச்சிகளின் லார்வாவில் நரம்புத் தட்டின் விளிம்பிலிருந்து பிறக்கும் உணர்வு செல்கள் 2015இல் விவரிக்கப்பட்டன.

காடைச் சோதனைகள் 1983இல் முடித்த பட்டியலுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு மிஞ்சியிருந்தது. எல்லா நரம்பிலும் கிளியா முகட்டிலிருந்து வர, மூக்கு நரம்பைப் போர்த்தும் கிளியா மட்டும் பிளாகோட்டிலிருந்து வருவதாகப் பாடநூல்கள் எழுதின. முகர்ச்சி நரம்பு மீண்டும் மீண்டும் வளர்வதால், அந்தக் கிளியாவை முறிந்த தண்டுவடத்தில் வைத்துப் பார்க்கும் முயற்சிகளும் நடந்துவந்தன. ஆகவே அதன் மூலம் வெறும் ஏட்டுக் கேள்வியாக இல்லை. 2010இல் கேம்பிரிட்ஜின் கிளேர் பேக்கர் குழு கோழியிலும் எலியிலும் முகட்டைக் குறியிட்டுத் தொடர்ந்தபோது, மூக்கின் கிளியாவும் முகட்டிலிருந்தே வருவது தெரிந்தது.